மார்ச் 8க்கு சால்வையும் ஷீல்டும் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், வேற எப்படி மரியாத பண்றது?

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெருசா எழுதறேன், பொறுமையா படிங்க. ஜி.ஏ.ரோடு பக்கம் நாங்க ஒரு இருவது பொம்பளைங்க ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு தையல்கட மாடில ஒக்காந்து புக்கு படிக்கிறோம், மூணு வருஷமா நடக்குது. வீட்டு வேலைக்கு போறவங்க, எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கிறவங்க, காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தவங்கன்னு எல்லாரும் கலந்து இருக்கோம்.

போன வருஷம் மகளிர் தினத்துக்கு எல்லாரும் பண்றத தான் நாங்களும் பண்ணோம். கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், கேக் வெட்றது. சிறப்பு விருந்தினரா வந்த ஒரு ஆம்பள முக்கா மணி நேரம் பெண்கள் நாட்டின் கண்கள்னு பேசிட்டு போனாரு, எங்க யார் கைக்கும் மைக் வரல. முடிஞ்சு சேர் அடுக்கும்போது காலேஜ் பொண்ணு ஒருத்தி கேட்டா, "அக்கா, இன்னிக்கு யாரு யாருக்கு மரியாத பண்ணாங்க?"ன்னு. எனக்கு பதில் வரல. ஒரு வருஷமா அது மனசுல உறுத்திகினே இருக்கு.

இந்த வருஷம் மார்ச் 8 ஞாயித்துக்கெழமயே வருது. பாட்டு, கூத்து, எழுத்து, ஆட்டம், இதுங்க வழியா பொம்பளைங்க உரிமைய பேசுனவங்களுக்கு, இப்பவும் பேசறவங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கணும்னு நெனைக்கிறோம். ஆளுக்கு கொஞ்சம் போட்டு 22,000 ரூபா சேர்ந்துருக்கு. யார கூப்பிடறது, செத்துப்போனவங்கள எப்படி நெனைக்கிறது, சால்வையும் ஷீல்டும் இல்லாம வேற என்ன குடுக்கறது, இதுல எதுனா தெரிஞ்சவங்க சொல்லுங்க. முக்கியமா நம்ம வடசென்னைல இருந்து யாரெல்லாம்னு தெரியணும், ஏன்னா மைலாப்பூர் பக்கம் போனா தான் கலைன்னு எங்க பொண்ணுங்களே நம்பிகினு இருக்குதுங்க.


கல்மண்டபம் பாலு:

தங்கச்சி, மொதல்ல உங்க குழுவுக்கு என் வணக்கம். நான் யானைகவுனில பொறந்து வளந்து இப்ப ராயபுரத்துல கீறவன், அறுபத்தஞ்சு வயசாகுது. நீங்க ரொம்ப தூரம் தேடவே வேணாம்மா, வால்டாக்ஸ் ரோடு போதும்.

1931 அக்டோபர் 31, தமிழ்ல மொத பேசும்படம் காளிதாஸ் ரிலீசானது வால்டாக்ஸ் ரோடு பக்கம் இருந்த கினிமா சென்ட்ரல் தியேட்டர்ல தான். பிற்காலத்துல முருகன் டாக்கீஸ்னு பேரு. படப்பெட்டி ரயில்ல வந்து எறங்கி சென்ட்ரல்லேர்ந்து தியேட்டர் வரைக்கும் ஊர்வலமா போச்சுன்னும், சனம் தேங்கா ஒடச்சு பூ போட்டுச்சுன்னும் சொல்லுவாங்க. அந்த படத்து கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. சின்ன வயசுலயே கல்யாணம் பண்ணி வெச்சு அது நிக்காம போயி, அப்பறம் நாடகக் கம்பெனில சேந்து மேல வந்தவங்க. நடிச்சதோட நிக்கல. கமலவல்லின்னு நாவல் எழுதி, அதையே 1936ல மிஸ் கமலான்னு படமா எடுத்தாங்க, டைரக்‌ஷனும் அவங்களே. தென்னிந்தியாவுல மொத பெண் டைரக்டர் அவங்க தான். இன்னிக்கி கூட ஒரு பொண்ணு டைரக்டராவணும்னா வீட்ல என்ன பேச்சு வருதுன்னு நமக்கு தெரியும், அது 1936.

அதே ரோட்ல தான் ஒற்றைவாடை தியேட்டர், நாடகக் கொட்டாய். 1938 நவம்பர் 13 அங்க தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்துச்சு, மறைமலை அடிகளோட பொண்ணு நீலாம்பிகை அம்மையார் தலைமைல. ஈ.வெ.ரா.வ பெரியார்னு தான் கூப்பிடணும்னு தீர்மானம் போட்டது அந்த மாநாடு. அந்த பேர் தமிழ்நாடே சொல்ற பேரா நின்னுடுச்சு, குடுத்த பொம்பளைங்க பேரு எத்தினி பேருக்கு தெரியும்? எனக்கே நாப்பது வயசுக்கு மேல தான் தெரிஞ்சுது. அது தெரிஞ்ச அன்னிக்கி ராத்திரி தூக்கம் வரல எனக்கு, ஏன்னா சின்ன பையனா இருக்கசொல்ல தெனம் அந்த வழியா தான் ஸ்கூலுக்கு போவேன்.

அதனால என் யோசன, காலைல ஒரு நட வைங்க. சென்ட்ரல் வாசல்லேர்ந்து கெளம்பி வால்டாக்ஸ் ரோட்டு வழியா நடந்து, நிக்க வேண்டிய எடத்துல நின்னு, அந்தந்த கதைய உங்க பொண்ணுங்க வாயாலயே சொல்ல சொல்லுங்க. துட்டு செலவே இல்ல. எடம் காட்ட நான் வரேன்.


ஓட்டேரி கானா பொண்ணு:

அக்கா நான் எழுதறது கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கானாவ வுட்டுடாதீங்க அக்கா ப்ளீஸ். எங்க ஏரியால சாவு வூடுன்னா ராத்திரி கானா இருக்கும், சட்டி அடிச்சிகினு விடிய விடிய பாடுவாங்க, எல்லாம் ஆம்பளைங்க தான். நான் ஒம்பதாவது படிக்கசொல்ல எங்க அண்ணன் கூட்டாளிங்க மொட்ட மாடில பாடிகினு இருந்தாங்க, நான் படிக்கட்டுல ஒக்காந்து ஒரு பாட்டுக்கு கூட சேந்து பாடிட்டேன். நல்லா பாடறேன்னு ஒரு அண்ணன் சொல்லிச்சு, ஆனா எங்க அம்மா வந்து கைய புட்ச்சி இட்டுனு போயி, கானா பாடற பொண்ண யார்டி கட்டுவான்னு அழுதுச்சு. அடிச்சிருந்தா கூட மறந்துருப்பேன், அது அழுதது தான் மறக்கல.

அப்பால 2018ல ஜாதிய எதிர்த்து பாடற தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ன்ற பேண்டு மேடைல இசைவாணி அக்காவ பார்த்தேன், வீடியோல தான். ராயபுரம் பக்கம் வளந்தவங்க. அத்தினி ஆம்பளைங்க நடுவுல ஒத்த பொண்ணா நின்னு கானா பாடுனாங்க. 2020ல பிபிசி போட்ட 100 பெண்கள் லிஸ்ட்ல அவங்க பேரு வந்துச்சு. எங்க அம்மா கைல போன குடுத்து பாருமான்னேன், ரெண்டு தடவ பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கு அப்பறம் நான் பாடுனா கதவ சாத்தறது இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். பல வருஷம் முன்ன பாடுன ஒரு பாட்ட வெச்சு 2024 நவம்பர்ல அதே அக்காவ எப்படியெல்லாம் மெரட்டுனாங்க, போட்டோவ மாத்தி போட்டு அசிங்கமா எழுதி. உலகமே பாக்கற லிஸ்ட்ல பேரு வந்தப்ப கை தட்டுன நம்ம ஏரியா ஆளுங்க எத்தினி பேரு அப்ப கூட நின்னாங்க? மரியாதன்றது அப்ப வரணும் அக்கா. உங்க விழாவுல பாடற பொண்ணுங்க யாருக்காவது இப்பிடி ஒரு கஷ்டம் வந்தா கூட நிப்போம்னு உங்க இருவது பேரும் கையெழுத்து போட்டு குடுங்க, அது ஷீல்ட வுட பெருசு.


மிண்ட் தெரு தமிழரசி:

நல்ல உரையாடல். ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கறாரா பேசுறேன், யாரும் கோச்சிக்காதீங்க. பெண் கலைஞர்னாலே பெண்ணியம் பேசுனவங்கன்னு ஆகாது. பாட்டு நல்லா பாடுன எல்லா அம்மாக்களையும் ஒரே ஃபிளெக்ஸ்ல போட்டோம்னா, நிஜமாவே சண்ட போட்டவங்க அந்த கூட்டத்துல காணாம போயிடுவாங்க. அதே நேரம் சண்ட போட்டவங்க எல்லாரும் ஒரே பக்கம் நின்னாங்கன்னும் நெனைக்க கூடாது. உங்க வாசிப்பு குழுவுல இந்த ரெண்டு பேர ஒண்ணா வெச்சு பேசி பாருங்க.

மொதல்ல பெங்களூர் நாகரத்தினம்மா. தேவதாசி குடும்பத்துல வந்த பாடகி. பொறந்தது மைசூர் பக்கம் நஞ்சன்கூடு, ஆனா பல வருஷம் வாழ்ந்தது சென்னைல. தஞ்சாவூர் மராட்டிய அரசவைல இருந்த முத்துப்பழனின்ற பெண் கவிஞர் தெலுங்குல எழுதுன ராதிகா சாந்தவனம்ன்ற காவியத்த 1910ல எந்த வரியையும் வெட்டாம பதிப்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி வந்த பதிப்புல முத்துப்பழனி தன்னோட அம்மா வழி, பாட்டி வழி பத்தி எழுதுன பகுதியெல்லாம் இல்ல. ஆம்பள கவிஞர் சிருங்காரம், அதாவது காதல் ரசம் எழுதினா ரசனை, அதையே பொம்பள எழுதினா ஆபாசமான்னு கேட்டவங்க நாகரத்தினம்மா. பிரிட்டிஷ் அரசாங்கம் புத்தகத்த தடை பண்ணுச்சு, 1947ல தான் தடை போச்சு. திருவையாறுல தியாகராஜருக்கு சமாதி கோயில் எழுப்பினதும் அவங்க காசு தான், நகையெல்லாம் வித்து. அங்க ஆராதனைல பொம்பளைங்க பாட கூடாதுன்னு தடுத்தப்ப, பொம்பளைங்களையே சேர்த்து தனியா ஆராதனை நடத்துனாங்க. இன்னிக்கு அந்த ஆராதனைல பஞ்சரத்தின கீர்த்தனைக்கு வரிசையா ஒக்காந்து பொம்பளைங்க பாடறத டிவில பாக்குறப்பல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம் தான் வரும்.

ரெண்டாவது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், 1883ல பொறந்தவங்க. சின்ன புள்ளைல தாசி குலத்துக்கு வித்துட்டாங்க. அதுல இருந்து வெளிய வந்து அந்த முறையையே ஒழிக்கணும்னு ஊர் ஊரா பேசுனாங்க, 1936ல தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்னு நாவலே எழுதுனாங்க. பாலு அண்ணா சொன்ன மாநாடு நடந்த அதே 1938ல திருச்சிலேர்ந்து சென்னைக்கு நடந்து வந்த இந்தி எதிர்ப்பு படைல நடந்தவங்க. உங்க காலேஜ் பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டத்துல வருதுன்னா, அந்த திட்டத்துக்கு இவங்க பேரு தான் வெச்சுருக்கு, கேட்டு பாருங்க தெரியுமான்னு.

இப்ப விஷயம் என்னன்னா, தேவதாசி ஒழிப்பு மசோதா வந்தப்ப இந்த ரெண்டு பேரும் எதிர் எதிர் பக்கம். நாகரத்தினம்மா மசோதாவ எதிர்த்து மனு குடுத்தாங்க. எங்க கலையும் சொத்துரிமையும் போயிடும், ஒட்டுமொத்தமா எங்கள கெட்டவங்கன்னு முத்திர குத்தாதீங்கன்றது அந்த பக்கத்து வாதம். ராமாமிர்தம் அம்மையாருக்கு அந்த முறை ஒரு நாள் கூட நீடிக்க கூடாது. சட்டம் 1947ல வந்துச்சு. நான் பல வருஷமா ராமாமிர்தம் அம்மையார் பக்கம் தான், இப்பவும் சட்டம் வந்தது சரின்னு தான் சொல்வேன். ஆனா சட்டம் வந்தப்பறம் அந்த குடும்பத்து பொண்ணுங்க கைல இருந்த ஆட்டமும் பாட்டும் வேற வீட்டு மேடைக்கு போயி, இவங்க பேரு மட்டும் வசவா மிஞ்சுனத யாரு எழுதுவா? ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவுல வீணை தனம்மாள் வீட்ல வெள்ளிக்கெழம சாயங்காலம் வாசிப்பாங்க, பெரிய பெரிய வித்துவான்களே வந்து மூச்சு விடாம கேட்டுட்டு போவாங்க. அவங்க பேத்தி தான் பாலசரஸ்வதி, பரதநாட்டியத்துல சிருங்காரம் அசிங்கம்னு பெரியவங்க சொன்ன காலத்துல அத விட மாட்டேன்னு நின்னு ஆடுனவங்க. 1977ல பத்ம விபூஷண் வந்துச்சு அவங்களுக்கு. மைலாப்பூர் போனா தான் கலைன்னு சொல்ற பொண்ணுங்கள அந்த தெருவுக்கு ஒரு நாள் கூட்டிட்டு போங்க, மிண்ட்லேர்ந்து நடக்கற தூரம் தான்.

ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. யாரு சரின்னு தீர்ப்பு சொல்லாம பொண்ணுங்கள பேச விடுங்க.


புளியந்தோப்பு பறை:

நான் பொம்பளைங்க மட்டும் இருக்கற ஒரு பறைக் குழுவுல ஏழு வருஷமா அடிக்கிறேன். கூப்பிடறது எப்படின்னு கேட்டீங்கல்ல, அத ஆடறவ சைடுலேர்ந்து சொல்றேன் அக்கா.

ஒரு மகளிர் தின விழா, எங்கன்னு சொல்லல. சாயங்காலம் அஞ்சுக்கு வர சொன்னாங்க. எட்டு பேர், ஆளுக்கு ஒரு பறை, ஷேர் ஆட்டோ கெடைக்காம ரெண்டு ஆட்டோ புடிச்சு போனோம். டிரெஸ் மாத்த எடம் இல்ல, சாமான் போட்டு வெச்ச ரூம்ல ஒருத்தர் துப்பட்டாவ புடிக்க ஒருத்தர் மாத்துனோம். பறைய காய வைக்க நெருப்பு போட கூடாதுன்னுட்டாங்க. பாத்ரூம் பூட்டி இருந்துச்சு, சாவி யார்ட்டன்னு யாருக்கும் தெரில. விருந்தாளி எட்டரைக்கு வந்தாரு, அவரு கார்லேர்ந்து மேடைக்கு நடக்கற அந்த ரெண்டு நிமிஷம் அடிக்க சொன்னாங்க, அவ்ளோ தான். மேடைல எங்கள ஏத்தவே இல்ல. வரிசையா நிக்க வெச்சு சால்வ போட்டு போட்டோ எடுத்தாங்க, கவர்ல இருந்தது ரெண்டு ஆட்டோவுக்கு கூட பத்தல. எங்க குழுவுல ஒரு அக்கா அன்னிக்கு அரநாள் கூலிய வுட்டுட்டு வந்துருந்துச்சு. அந்த சால்வ இப்ப அவங்க வூட்டு டிவிக்கு மேல போத்தி கீது.

அதனால நீங்க 22,000த்துல ஃபிளெக்ஸ், மாலை, ஷீல்டு, இதுக்கு ஒரு ரூபா போடாதீங்க. வரவங்களுக்கு சம்பளம்னு குடுங்க, எவ்ளோன்னு முன்னாடியே பேசிடுங்க, போக வர வண்டி காசு தனியா. அத்த வந்து கை நீட்டி கேக்க வெக்காதீங்க. டைம் சொன்னா டைமுக்கு ஆரம்பிங்க, நாங்க அடிக்கசொல்ல யாரும் நடுவுல மைக் புடிங்கி விருந்தாளிய வரவேற்க கூடாது. அடிச்சு முடிச்சப்பறம் ஒரு பத்து நிமிஷம் நாங்க பேசணும். சாவுக்கு மட்டும் அடிச்ச ஆம்பள வாத்தியம்னு சொன்னத ஏன் நாங்க எடுத்தோம், தோள்ல மாட்டுன மொத நாள் தெருவுல என்ன பேச்சு வந்துச்சு, அத சொல்ல எங்களுக்கு ஒரு மேடையும் இது வரைக்கும் கெடைக்கல. அப்பறம் பேர சரியா எழுதுங்க, குழு பேர் மட்டும் போடாம எட்டு பேர் பேரும்.


கல்மண்டபம் பாலு:

இத படிச்சப்பறம் நான் எழுதுனதுல ஒண்ணு சேக்கணும்னு தோணுச்சு. செலவே இல்லன்னு சொன்னேன், தப்பு. கத சொல்ல வர்ற பொண்ணுங்களுக்கும் காலைல டிபன், டீ என் கணக்கு.


மிண்ட் தெரு தமிழரசி:

பறை தங்கச்சி, மனசு கனத்து போச்சு. யார் காசுல மரியாத பண்றோம்ன்றதும் இதுல வருது. 2023ல கவிஞர் சுகிர்தராணி தனக்கு அறிவிச்ச விருத வேணாம்னாங்க, அந்த விழாவுக்கு ஸ்பான்சர் பண்ற நிறுவனம் தன் எழுத்துக்கும் கொள்கைக்கும் எதிரா இருக்குன்னு. பள்ளிக்கூட டீச்சர் அவங்க. வாசகி, உங்க 22,000 உங்க இருவது பேர் உழைப்பு காசு, அதுலயே நடத்துங்க. பத்தலன்னு எந்த கடைக்காரர்ட்டயும் பேனர் காசு வாங்காதீங்க. இன்னொண்ணு, திருநங்கை கலைஞர்கள விட்டுடாதீங்க, பரதநாட்டியம் ஆடற நர்த்தகி நடராஜ் 2019ல பத்மஸ்ரீ வாங்குனாங்க, அத உங்க கூட்டத்துல சொன்னாலே எத்தன பேர் நிமிந்து ஒக்காருவாங்க பாருங்க.


பழைய வண்ணாரப்பேட்டை வாசகி:

எல்லார்த்தையும் நேத்து கூட்டத்துல சத்தமா படிச்சேன். பறை தங்கச்சி எழுதுனத படிக்கும்போது எக்ஸ்போர்ட்ல தைக்கிற அக்கா ஒருத்தவங்க எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க, அப்பறம் வந்து இன்னொரு ஐநூறு ரூபா வெச்சாங்க.

இப்ப ஒரு சிக்கல். எங்க தெருவுல எழுவது தாண்டுன ஒரு ஆயா இருக்காங்க, ஒப்பாரி பாடறவங்க. காசுக்கு இல்ல, தெருவுல யாரு போனாலும் போய் ஒக்காந்து பாடுவாங்க. ஒரு தடவ, புருஷன் கிட்ட அடி வாங்கியே செத்த ஒரு பொண்ணு சாவுல, மாமியாவ எதுருல ஒக்கார வெச்சுகினு, சோறு போட்ட கைக்கு சூடு வெச்சீங்களேன்னு ஒவ்வொண்ணா பாட்டுல சொன்னாங்க. அந்த வீட்ல யாரும் வாய தொறக்க முடியல, ஏன்னா ஒப்பாரில எவ்ளோ வேணா சொல்லலாம், யாரும் தடுக்க முடியாது. போலீஸ்ல வராதது அன்னிக்கி பாட்டுல வந்துச்சு. எனக்கு இத விட பெரிய பெண்ணிய கலை தெரியாது. ஆனா டீச்சர் சொல்றாங்க, அந்த ஆயாவுக்கு பெண்ணியம்ன்ற வார்த்தையே தெரியாது, தமிழரசி அக்கா சொன்ன மாதிரி எல்லாரையும் அதுல சேர்க்கலாமான்னு. நேர்ல போய் ஆயாட்ட கேட்டேன், வரேன் ஆனா பாட மாட்டேன்னுட்டாங்க, சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி வெச்சா ஆகாதாம்.


ஓட்டேரி கானா பொண்ணு:

அக்கா அந்த ஆயாவ கட்டாயப்படுத்தாதீங்க, எங்க பக்கமும் அப்பிடி தான், வூட்டுக்குள்ள சும்மா முணுமுணுத்தா கூட திட்டு வுழும். பாடலன்னா இன்னா, பேசட்டும்.


மிண்ட் தெரு தமிழரசி:

நான் கறாரா இருந்தது சினிமா, மேடைன்னு வெளிச்சத்துல இருக்கறவங்கள பத்தி. இந்த ஆயா விஷயத்துல டீச்சர் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். மாமியா மூஞ்சிக்கு நேரா கொல பழிய சொன்னவங்களுக்கு வார்த்த தெரியலன்னா அது வார்த்தையோட கொற. ஒப்பாரி கைம்பெண்ணோட சொத்து, பொறந்த வீட்டு பங்கு, அண்ணன் கண்டுக்காதது, குடிகார புருஷன், எல்லாத்தையும் பேசுன எடம், வேற எங்கயும் பேச விடாத காலத்துல. பாட வேணாம், எந்த எந்த சாவுல என்ன பாடுனாங்கன்னு கதையா சொல்ல சொல்லுங்க, சம்மதிச்சா குரல பதிவு பண்ணி அவங்க வீட்டுக்கும் ஒரு காப்பி குடுங்க. அவங்க சம்மதம் இல்லாம எங்கயும் ஏத்திடாதீங்க.


பழைய வண்ணாரப்பேட்டை வாசகி:

இன்னிக்கு சாயங்காலம் மறுபடி ஆயாட்ட போனேன், இதெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் வெத்தல மென்னுகினே இருந்தாங்க. அப்பறம் கேட்டாங்க, "எனக்கும் காசு உண்டா?"ன்னு. உண்டு ஆயா, பறை அடிக்கிறவங்களுக்கு எவ்ளோவோ அதே கணக்குன்னேன். "இத்தினி வருசத்துல பாட்டுக்குன்னு எனக்கு யாரும் குடுத்தது இல்ல, கல்யாணத்துக்கு கூட கூப்பிட மாட்டாங்க, நான் போனா அபசகுனம்னு"ன்னாங்க. முட்டி வலி, தரைல ஒக்கார முடியாது, கை வெச்ச சேர் வேணும்னாங்க. ஒப்பாரி பாட மாட்டேன், ஆனா அந்த பொண்ணு சாவுல பாடறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி முழுக்க என்ன யோசிச்சேன்னு சொல்றேன்னாங்க.

அதனால முடிவு பண்ணியாச்சு. மார்ச் 8 காலைல ஏழு மணிக்கு சென்ட்ரல் வாசல், பாலு அண்ணா நீங்க கண்டிப்பா வரணும், கினிமா சென்ட்ரல் எங்க இருந்துச்சுன்னு நீங்க காட்டற எடத்துல எங்க காலேஜ் பொண்ணு ராஜலட்சுமி பத்தி பேசுவா, இப்பவே எழுதி எழுதி கிழிச்சுகினு இருக்கா. சாயங்காலம் நாலு மணிக்கு தையல்கட மாடி பத்தாது, பக்கத்து தெரு மண்டபம் பேசிருக்கோம், பாத்ரூம் சாவி என் இடுப்புல தான் இருக்கும் தங்கச்சி. பறை காய வைக்க மாடில எடம் பாத்தாச்சு. ஓட்டேரி பொண்ணே, நீயும் பாடணும், உன் அம்மாவயும் கூட்டிட்டு வா, மொத வரிசைல ஆயா பக்கத்துல ஒரு சேர் போட்டு வெக்கிறேன்.


ஓட்டேரி கானா பொண்ணு:

அம்மாட்ட கேட்டேன் அக்கா. எந்த பொடவ கட்டிக்கணும்னு கேக்குது.